ஆள் சேர்ந்தால் மட்டும் போதுமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அறப்போராட்டத்தை வெல்ல வைப்பது மக்கள் திரளா, முன்தயாரிப்பா என்பது தலைப்பு. முன்தயாரிப்பே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழர் 3.5 சதவீதம் என்று ஒரு கணக்கைச் சொன்னார். மக்கள்தொகையில் அத்தனை பேர் தெருவுக்கு வந்துவிட்டால் எந்த அரசும் தாங்காதாம். கைதட்டலும் வாங்கிவிட்டார். அந்தக் கணக்கைப் போட்ட அமெரிக்க அரசியல் ஆய்வாளர் எரிக்கா செனோவெத் 2020இல் எழுதியதை மட்டும் வசதியாக விட்டுவிட்டார். நடந்து முடிந்ததைப் பார்த்துச் சொன்ன கணக்கு இது, வெற்றிக்கு உத்தரவாதம் இல்லை என்றார் அவர். 1962இல் புரூணையிலும் 2011இல் பஹ்ரைனிலும் எழுந்த போராட்டங்கள் அந்த அளவைத் தாண்டியும் தோற்றன.

காந்தியிடம் ஆள் பலத்துக்கா பஞ்சம்? 1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் திரள் காவல் நிலையத்தைக் கொளுத்தியது, 22 போலீஸார் மாண்டார்கள், ஒத்துழையாமை இயக்கத்தையே அவர் நிறுத்தினார். 1930இல் தண்டிக்குக் கிளம்பியபோது ஊரைக் கூட்டிக்கொண்டா நடந்தார்? ஆசிரமக் கட்டுப்பாட்டில் பழகிய 78 பேரோடு. அதற்கும் முன்பே, மார்ச் 2ஆம் தேதி, எந்தச் சட்டத்தை மீறப்போகிறேன் என்று வைஸ்ராய்க்குக் கடிதம் போட்டாயிற்று. திரள் வந்தது, மறுக்கவில்லை. பின்னால் வந்தது.

அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரத்துக்கு வாருங்கள். 1955 டிசம்பர் 1, ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்துக் கைதானார். அன்று இரவே கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன், பேருந்தைப் புறக்கணியுங்கள் என்று பல்லாயிரம் துண்டறிக்கைகளை உருட்டச்சில் ஓட்டி முடித்தார். திடீர் வேகம் இல்லை அது. புறக்கணிப்பு வரும் என்று 1954 மே மாதமே மேயருக்குக் கடிதம் எழுதியவர் அவர். டிசம்பர் 5, பேருந்துகள் காலியாக ஓடின. அந்த ஒரு நாளை எதிரணி எடுத்துக்கொள்ளட்டும். மிச்சமிருக்கும் 380 நாளும் வேலைக்குப் போகிறவர் எப்படிப் போவார்?

முதலில் கறுப்பின டாக்சி ஓட்டுநர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஏற்றினார்கள். குறைந்தபட்சம் 45 சென்ட் வாங்கியே ஆக வேண்டும் என்ற விதியை நகர நிர்வாகம் தூசி தட்டி எடுத்தது. உடனே சுமார் 300 கார்கள். எங்கே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்பதற்கு 1953இல் இதேபோலப் பேருந்தைப் புறக்கணித்த பேட்டன் ரூஜ் நகரத்தார் செய்து பார்த்த முறை கையில் இருந்தது. போலீஸ் ஓட்டுநர்களை நிறுத்தி நிறுத்தி அபராதச் சீட்டு எழுதியது. பிறகு கார்களின் காப்பீடு ரத்தானது. இயக்கத்தார் லண்டன் லாயிட்ஸ் வரை போய்க் காப்பீடு வாங்கினார்கள். லட்சம் பேர் சேர்ந்து முழக்கம் போட்டால் காப்பீட்டுப் பத்திரம் கைக்கு வந்துவிடுமா, நடுவர் அவர்களே?

கடைசியில் பேருந்தில் நிறப் பிரிவினை செல்லாது என்று தீர்த்து வைத்தது நீதிமன்றம்தானே என்பார்கள். ஆமாம். அந்த வழக்கை 1956 பிப்ரவரியிலேயே போட்டு வைத்தது யார்?

நாஷ்வில் இன்னும் கறாரானது. அங்கே கடைகளின் உணவு மேசைகளில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை; அங்கே போய் உட்கார்ந்து போராடப் போகும் மாணவர்களுக்கு ஜேம்ஸ் லாசன் என்ற போதகர் அடி வாங்கப் பயிற்சி கொடுத்தார். பாதிப் பேர் நிறவெறியர்களாக நடிப்பார்கள்: முடியைப் பிடித்து இழுப்பது, முகத்தில் புகை விடுவது, நாற்காலியிலிருந்து தள்ளுவது. மற்றவர்கள் தலையைக் காத்துக்கொண்டு விழவும், தாக்குகிறவன் கண்ணைப் பார்க்கவும், அடிபடுகிறவர் மேல் படுத்து அடியைப் பங்கிடவும் பழகினார்கள். கையில் ஒரு விதித்தாள்: திருப்பி அடிக்காதே, திட்டாதே, நிமிர்ந்து உட்கார், வாசலை மறிக்காதே, குழுத்தலைவர் சொல்லாமல் இடத்தை விட்டு எழாதே. 1960 பிப்ரவரி 27 அன்று ஒரு வரிசையைக் கைது செய்ததும் அடுத்த வரிசை வந்து அதே இருக்கைகளில் அமர்ந்தது. எண்பதுக்கும் மேல் கைதானார்கள். ஆளுக்கு 50 டாலர் அபராதம் என்றதும், கட்ட மாட்டோம், சிறைக்கே போகிறோம் என்றார்கள். மே மாதம் உணவு மேசைகள் எல்லோருக்கும் திறந்தன.

இன்றும் விவரம் தெரிந்தவர்கள் ஐந்து முதல் பதினைந்து பேர் கொண்ட குழுக்களாகத்தான் இறங்குகிறார்கள். யார் கைதாவது, யார் கூடாது என்பது முதல் நாளே முடிவாகிவிடும். தினமும் மருந்து எடுப்பவர், கைக்குழந்தைக்காரர், விசாவில் இருப்பவர் வெளியில் நின்று பெயர்ப்பட்டியலை வைத்துக்கொள்வார்கள். கைப்பேசி பறிபோகும் என்பதால் வழக்கறிஞர் எண் அழியாத மையில் கையிலேயே இருக்கும். கூட்டத்துக்குள் எவனோ கல்லெடுத்தால் தொண்டர்கள் எல்லோரையும் உட்காரச் சொல்வார்கள். நிற்கிறவன் தனியாகத் தெரிவான், நெரிசலும் வராது. கண்ணீர்ப்புகையோ குதிரைப்படையோ வந்தால் அதே உட்காரல் ஆபத்து. முன்பே பார்த்து வைத்த வழியில் நடந்து விலக வேண்டும். இந்த இரண்டையும் பிரித்தறிய ஒத்திகை பார்க்காத கூட்டத்தால் முடியாது.

எதிரணிக்கு ஒரு கேள்வி வைத்துவிட்டு அமர்கிறேன். ஜார்ஜியா மாநிலத்து அல்பனியில் 1961 டிசம்பரில் நிறப் பாகுபாட்டை எதிர்த்துச் சில நாட்களிலேயே எழுநூறுக்கும் மேற்பட்டோர் சிறை புகுந்தார்கள். நகரத்துச் சிறையை நிரப்பினால் நிர்வாகம் பணியும் என்பது கணக்கு. காவல்துறைத் தலைவர் லாரி பிரிட்செட் முந்திக்கொண்டார்: சுற்றுவட்டாரச் சிறைகளில் முன்கூட்டியே இடம் பேசி வைத்து ஆட்களை அங்கே அனுப்பினார், கேமரா முன் தடியடி வேண்டாம் என்று போலீஸைப் பழக்கினார். சிறை நிரம்பவில்லை. கோரிக்கையும் எல்லாப் பாகுபாடும் ஒழிக என்று பரந்து கிடந்தது. அதைப் பார்த்த மார்ட்டின் லூதர் கிங், 1963இல் பர்மிங்ஹாமில் நகர மையக் கடைகளின் ஈஸ்டர் வியாபாரத்தைக் குறிவைத்தார், மே 10இல் ஒப்பந்தம் வந்தது. அல்பனியில் ஆள் இருந்தது, துணிவு இருந்தது. அங்கே இல்லாதது என்ன என்று அடுத்து வரும் எதிரணித் தோழர் சொல்லட்டும்.