பாடப் பாட ராகம்: பிரெட்டி மெர்க்குரியும் நம் பள்ளிக்கூடத்துப் பாட்டு பீரியடும்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதை எழுத்தாக்கியிருக்கிறேன்)

மேடையில் அமர்ந்திருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, கூட்டத்துக்கு இடமும் கொடுத்து மைக் செட்டுக்கும் ஏற்பாடு செய்த நூலகர் அம்மா அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, வரவேற்புரை வழங்கிய ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து வந்திருக்கும் பெற்றோர்களே, இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். தலைவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் மனசு கேட்காது. இந்த நூலகத்தின் கூரை ஒழுகிய காலத்தில் வீடு வீடாகப் போய் பணம் திரட்டியவர் அவர். தமிழாசிரியர் ஐயாவிடம் படித்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே பாதிப் பேர் இருப்பீர்கள். பேரூராட்சித் தலைவர் வந்ததில் எனக்கு இரட்டிப்பு மகிழ்ச்சி, அவரிடம் கேட்க ஒன்று இருக்கிறது, அப்புறம் கேட்கிறேன்.

"பாடப் பாட ராகம், மூட மூட ரோகம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்றைக்கு நான் பேசப்போகிற மனிதருடைய வாழ்க்கை முழுக்க இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும் என்பது என் கருத்து. குயீன் என்ற ராக் இசைக்குழுவின் முன்னணிப் பாடகர் பிரெட்டி மெர்க்குரி. அவரைப் பற்றி மூன்று விஷயம் சொல்லலாம் என்று நினைத்து வந்தேன். ஒன்று, அவர் எங்கே இசை கற்றார். இரண்டு, மேடையை எப்படி ஆண்டார். மூன்று, நாலு பேர் சேர்ந்த ஒரு குழு இருபது வருஷம் பிரியாமல் எப்படி இருந்தது, பாட்டில் வந்த பணத்தை எப்படிப் பங்கிட்டுக்கொண்டார்கள் என்பது.

அவருடைய இயற்பெயர் ஃபரோக் பல்சாரா. 1946 செப்டம்பர் 5-ஆம் தேதி கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கிற சான்சிபார் தீவில் பிறந்தார். குடும்பம் குஜராத்திலிருந்து போன பார்சி குடும்பம். அப்பா போமி பிரிட்டிஷ் அரசாங்க அலுவலகத்தில் காசாளர். சம்பளம் வாங்கி, கணக்குப் பார்த்துச் செலவு செய்கிற வீடு. எட்டு வயதுப் பையனைக் கப்பலேற்றி பம்பாய்க்கு அனுப்பி, அங்கிருந்து மலைமேல் இருக்கிற பஞ்ச்கனியில் செயின்ட் பீட்டர்ஸ் என்ற விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். எட்டு வயசு! அம்மா ஒரு கண்டத்தில், பிள்ளை இன்னொரு கண்டத்தில். விடுமுறைக்குக்கூட எப்போதும் ஊருக்குப் போக முடியாது, பம்பாயில் இருந்த சொந்தக்காரர்கள் வீட்டுக்குத்தான் போவான்.

இந்த இடத்தை நீங்கள் கவனித்துக் கேட்க வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பியானோ இருந்தது. வானொலியில் ஒரு பாட்டைக் கேட்டால் உடனே போய் அதை அப்படியே பியானோவில் வாசிப்பான் அந்தப் பையன் என்று கூடப் படித்தவர்கள் பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். அதைக் கவனித்த தலைமையாசிரியர் பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். கொஞ்சம் கூடுதல் கட்டணம் கட்டினால் உங்கள் பிள்ளைக்கு முறையாக இசை கற்றுக்கொடுக்கலாம் என்று. காசாளர் வீட்டில் கட்டினார்கள். பையன் தேர்வெழுதி நாலாவது கிரேடு வரை போனான். பன்னிரண்டு வயதில் ஐந்து பையன்கள் சேர்ந்து 'ஹெக்டிக்ஸ்' என்று ஒரு குழுவே ஆரம்பித்தார்கள். அதில் முன்னால் நின்று பாடியது வேறொரு பையன், நம் ஆள் ஓரமாக உட்கார்ந்து பியானோ வாசித்தார். உலகமே கொண்டாடிய பாடகர் தன் முதல் குழுவில் பக்கவாத்தியம்!

ஒரு பியானோ, ஒரு கடிதம், ஒரு தலைமையாசிரியர். இந்த மூன்றில் ஒன்று இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான் படித்த பள்ளியில் ஒரு ஆர்மோனியம் இருந்தது. தலைமையாசிரியர் அறையில், பழைய வருகைப் பதிவேடுகளுக்கு அடியில், பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்கள். துருத்தித் தோலை எலி கடித்துவிட்டது என்று யாரோ சொல்லித்தான் அது அங்கே இருப்பதே எங்களுக்குத் தெரியும். பாட்டு பீரியட் கால அட்டவணையில் இருக்கும், ஆனால் போர்ஷன் முடியவில்லை என்று கணக்கு வாத்தியார் அதை வாங்கிக்கொள்வார். எங்கள் வகுப்பில் ஒரு பையன் பெஞ்சில் தாளம் போடுவான், அத்தனை சுத்தமாக இருக்கும். அதற்காக அவன் வாங்கிய அடிதான் மிச்சம். பாடப் பாட ராகம், மூட மூட ரோகம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

சரி, கதைக்கு வருகிறேன். 1963-ல் பையன் சான்சிபார் திரும்பினான். 1964 ஜனவரியில் அங்கே புரட்சி வெடித்தது, உயிருக்குப் பயந்து குடும்பம் லண்டனுக்கு ஓடியது. ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபெல்தம் என்ற இடத்தில் குடியேறினார்கள். பிரெட்டி ஈலிங் கலைக்கல்லூரியில் வரைகலை படித்தார். விமான நிலையத்தில் பெட்டி தூக்கினார், கென்சிங்டன் சந்தையில் பழைய துணி விற்றார். கூட நின்று விற்றவர் டிரம்ஸ் வாசிக்கும் ரோஜர் டெய்லர். 1970-ல் டெய்லரும் கிட்டார் வாசிக்கும் பிரையன் மேயும் இருந்த குழுவில் பாடகர் விலகிப் போக, அந்த இடத்துக்கு இவர் வந்தார். குயீன் என்று பெயர் வைத்ததும் இவர்தான், குழுவின் சின்னத்தை வரைந்ததும் இவர்தான். மறுவருஷம் பேஸ் கிட்டாருக்கு ஜான் டீக்கன் வந்து சேர்ந்தார். ஆரம்பக் கச்சேரி ஒன்றில் மைக் ஸ்டாண்ட் பாதியில் உடைந்துபோக, மேல்பாதியை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு பாடினாராம். கடைசிவரைக்கும் அந்த அரைக் கம்புதான் அவருக்கு அடையாளம்.

1975-ல் 'பொஹீமியன் ராப்சடி' என்ற பாட்டு வந்தது. அதன் நடுவே ஆபரா, அதாவது மேல்நாட்டு இசை நாடகப் பாணியில் வருகிற பகுதியைப் பிரெட்டி, மே, டெய்லர் மூன்று பேர் மட்டும் நின்று, ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம், வாரக்கணக்கில் பாடிப் பாடிக் குரல் மேல் குரலாக ஏற்றினார்கள். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் காந்த நாடா. திரும்பத் திரும்ப ஓட்டியதில் நாடாவின் மேல்பூச்சே தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் ஊடாகத் தெரிந்தது என்று பிரையன் மே சொல்லியிருக்கிறார். நாடா தேயும்வரை பாடியிருக்கிறார்கள் ஐயா! பாட்டு ஆறு நிமிஷத்துக்கு ஐந்து விநாடி குறைவு. இவ்வளவு நீளப் பாட்டை எந்த வானொலி போடும் என்று கம்பெனி தயங்கியது. கென்னி எவரெட் என்ற அறிவிப்பாளர் கேபிடல் வானொலியில் இரண்டே நாளில் பதினான்கு தடவை போட்டார். பிரிட்டனில் ஒன்பது வாரம் முதலிடம்.

இனி மேடை. 1985 ஜூலை 13, லண்டன் வெம்பிளி மைதானம். எத்தியோப்பியாவில் பஞ்சம், குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நிதி திரட்ட பாப் கெல்டாஃப் என்ற பாடகர் முன்னின்று 'லைவ் எய்ட்' என்று மாபெரும் கச்சேரி ஏற்பாடு செய்தார். லண்டனில் ஒரு மேடை, அமெரிக்காவில் பிலடெல்பியாவில் ஒரு மேடை, நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு நேரடி ஒளிபரப்பு. வெம்பிளியில் மட்டும் 72,000 பேர். ஒரு குழுவுக்கு ஏறக்குறைய இருபது நிமிஷம்தான், யாராக இருந்தாலும். குயீனுக்கு அப்போது சரியான நேரமில்லை. முந்தைய வருஷம் நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் சன் சிட்டியில் போய்ப் பாடியதற்காக நாலா பக்கமும் திட்டு வாங்கியிருந்தார்கள். அது தவறுதான், அதை நான் மழுப்ப மாட்டேன். வந்திருந்த கூட்டமும் இவர்களுக்காக வந்த கூட்டமில்லை.

என்ன செய்தார்கள் தெரியுமா? மூன்று நாள் ஒரு நாடக அரங்கை வாடகைக்கு எடுத்து, கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தார்கள். பதினைந்து வருஷமாக மேடை ஏறுகிறவர்கள், இருபது நிமிஷக் கச்சேரிக்கு மூன்று நாள் ஒத்திகை! பாடப் பாட ராகம்.

அன்றைக்கு சாயங்காலம் ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால், நல்ல வெளிச்சம் இருக்கும்போதே மேடைக்கு ஓடி வருகிறார். கலர் லைட் கிடையாது, புகை கிடையாது, ஜிகினா உடை கிடையாது. ஒரு வெள்ளை பனியன், ஜீன்ஸ், கையில் ஒரு தோல் பட்டை, கனத்த மீசை. நேராகப் போய் பியானோவில் உட்கார்கிறார். பியானோ மேல் யாரோ குடித்து வைத்த பெப்சி காகித டம்ளர்கள் வரிசையாக இருக்கின்றன. அவர் அதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை. பஞ்ச்கனியில் பழகிய அதே விரல்கள். 'பொஹீமியன் ராப்சடி'யின் தொடக்கம், முழுப் பாட்டையும் பாடாமல் பாதியிலேயே நிறுத்தி அடுத்ததற்குத் தாவுகிறார். 'ரேடியோ கா கா'. கையைத் தலைக்கு மேலே தூக்கி இரண்டு தட்டு தட்டுகிறார். எழுபத்திரண்டாயிரம் பேரும் கையைத் தூக்கித் தட்டுகிறார்கள், முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை, ஒருவர்கூட தாளம் தப்பவில்லை! அப்புறம் வாத்தியம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, வெறும் குரலில் "ஏ...ஓ" என்கிறார். கூட்டம் திரும்பச் சொல்கிறது. இன்னும் கொஞ்சம் சங்கதி போடுகிறார். கூட்டமும் போடுகிறது. ஒரு இழுப்பு இழுக்கிறார் பாருங்கள், மூச்சு நிற்குமோ என்று நமக்குப் பயமாக இருக்கும், அத்தனை நீளம். கூட்டம் அதையும் இழுக்கிறது. நம்மூர் பஜனை மடத்தில் பாகவதர் ஒரு அடி எடுத்துக் கொடுக்க ஊரே பின்பாட்டுப் பாடுமே, அதேதான். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குப் பாட வரும்? ஆனால் பாடவைத்தார். உங்களால் முடியும் என்று எதிரில் நிற்கிற முகம் தெரியாத ஆளுக்குச் சொல்லத் தெரிந்தவன்தான் பெரிய பாடகன், பெரிய வாத்தியாரும் அவன்தான் என்பேன். இருபது சொச்சம் நிமிஷம். அன்றைக்கு வந்த அத்தனை நட்சத்திரங்களில் இன்றுவரை ஜனங்கள் நினைவில் வைத்திருப்பது அந்த இருபது நிமிஷத்தைத்தான்.

மூன்றாவது விஷயத்துக்கு நேரம் போதாது போலிருக்கிறது. 1989 ஆல்பத்திலிருந்து யார் எழுதிய பாட்டானாலும் குயீன் என்று நாலு பேருக்கும் பொதுவாகப் பெயர் போட்டுக்கொண்டார்கள், பணத்தையும் அப்படியே பொதுவாகப் பங்கிட்டார்கள் என்பதை மட்டும் சொல்லி விட்டுவிடுகிறேன்.

அவருடைய முடிவைச் சொல்லித்தான் ஆக வேண்டும். 1987-ல் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது உறுதியானது. வெளியே சொல்லவில்லை. அன்றைய பத்திரிகைகள் அவர் வீட்டு வாசலிலேயே காத்துக்கிடந்தன, அந்த நோயை ஒழுக்கக் கேட்டுக்குக் கிடைத்த தண்டனை என்றே எழுதினார்கள். அவர் மறைத்ததில் நான் குறை காணமாட்டேன், மறைக்க வைத்தவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். அந்த உடம்போடுதான் மொன்செராட் கபாயே என்ற ஆபரா பாடகியுடன் சேர்ந்து 'பார்சிலோனா' பாடினார். எழுந்து நடக்கவே சிரமப்பட்ட நாளில், உங்களால் 'தி ஷோ மஸ்ட் கோ ஆன்' பாட்டைப் பாட முடியுமா என்று பிரையன் மே தயங்க, ஒரு மிடறு வோட்கா குடித்துவிட்டுப் போய்ப் பாடிக்கொடுத்தார். 1991 நவம்பர் 23-ஆம் தேதி எனக்கு எய்ட்ஸ் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தார், மறுநாள் போய்விட்டார். நாற்பத்தைந்து வயது. பார்சி முறைப்படி இறுதிச் சடங்கு நடந்தது. இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே 1986-ல் நம் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால். அந்த அம்மா அப்போதே வாயைத் திறந்து பேசினார், பேசியதால் எத்தனையோ உயிர் பிழைத்தது. மூட மூட ரோகம் என்று நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை.

இப்போது என் கோரிக்கை. நம் ஊர் அரசுப் பள்ளியில் பாட்டு சொல்லித்தர ஆள் இல்லை. 2012-ல் மாநிலம் முழுக்கப் பகுதிநேரச் சிறப்பாசிரியர்களை எடுத்தார்கள், வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை என்று. இசை, ஓவியம், தையல் எல்லாம் அதற்குள்ளேயே. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்ததை நாம் டிவியில் பார்த்தோம், சேனலை மாற்றினோம். மூன்று அரைநாளில் எந்தப் பிள்ளைக்கு ராகம் வரும்? எல்லாப் பிள்ளையும் பிரெட்டி ஆக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நம் பிள்ளை கையில் ஒரு வாத்தியத்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன், கொடுத்துப் பார்க்காமல் இவனுக்கு வராது என்று எப்படிச் சொல்வது? மலைமேல் கட்டணம் கட்டிப் படித்த பிள்ளைக்குக் கிடைத்தது, இலவசப் பேருந்தில் வருகிற பிள்ளைக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

மனுவில் மூன்றே மூன்று வரி எழுதியிருக்கிறோம். பள்ளிக்கு முழுநேர இசை ஆசிரியர் ஒருவர் வேண்டும். பாட்டு பீரியடை வேறு பாடத்துக்கு எடுக்கக் கூடாது. பள்ளியில் இருக்கிற வாத்தியங்களைப் பழுது பார்த்துப் பிள்ளைகள் கைக்குக் கொடுக்க வேண்டும். பேரூராட்சித் தலைவர் அவர்களிடம் கேட்பது, ஆசிரியர் வரும்வரை சமுதாயக் கூடத்தின் பின்னறையை சனி, ஞாயிறு மாலையில் எங்களுக்குத் திறந்துவிடச் சொல்லுங்கள், கற்றுக்கொடுக்க ஆள் நாங்கள் கொண்டுவருகிறோம். கையெழுத்துத் தாள் நூலகர் அம்மாவிடம் இருக்கிறது. பெற்றோர்கள் பெயரோடு பிள்ளை படிக்கும் வகுப்பையும் எழுதுங்கள். யார் வீட்டுப் பரணிலாவது ஆர்மோனியமோ தபேலாவோ சும்மா கிடந்தால் சொல்லியனுப்புங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.