நிழல் ஒன்று, சொல் இரண்டு

நேயர்களுக்கு வணக்கம்.

நான் ஆங்கில ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்த புதிதில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி சுற்றுலா பற்றிக் கட்டுரை எழுதியிருந்தாள். வேப்பமர நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்ட இடத்தில், நிழலுக்கு 'ஷேடோ' என்று போட்டிருந்தாள். நான் சிவப்பு மையால் அடித்து 'ஷேட்' என்று திருத்தினேன். "ஏன் டீச்சர், அகராதியில ரெண்டுக்கும் நிழல்னுதானே போட்டிருக்கு?" என்றாள். அப்படித்தான் எழுதணும் என்று சொல்லி வாயை அடைத்துவிட்டேன். உண்மையில் எனக்கே பதில் தெரியாது.

பதில் கிடைத்தது ஒரு பஸ் ஸ்டாப்பில். மே மாதம், காலை ஒன்பது மணி வெயில். கூரை கிடையாது, பக்கத்தில் ஒரு மின்கம்பம் மட்டும். அதன் நிழல் ஒரு சாண் அகலத்துக்குத் தரையில் கோடு போட்டமாதிரி விழுந்திருந்தது. அந்தக் கோட்டுக்குள் நாலைந்து பேர், ரேஷன் கடை வரிசைபோல ஒருவர் பின்னால் ஒருவர்! தரையில் விழுந்திருந்த கம்பத்தின் உருவம் ஷேடோ. அதற்குள் நின்றவர்களுக்குக் கிடைத்த ஒதுக்கம் ஷேட். ஷேடோவுக்கு விளிம்பு உண்டு. யாருடையது, எத்தனை என்று கேட்கலாம். ஷேட் என்றால் வெயில் படாத இடம். அதில் போய் ஒதுங்கலாம், ஒன்று இரண்டு என்று எண்ண முடியாது. நிலா வெளிச்சத்தில் மரத்துக்கு ஷேடோ விழும். அதை ஷேட் என்று நினைத்து யாரும் துண்டை விரிக்க மாட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இரண்டும் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல். நம் 'மரம்' உருபு ஏற்கும்போது 'மரத்து' ஆகிறதல்லவா? அதுபோல அந்தச் சொல்லின் இயல்பான வடிவம் ஷேட் ஆகவும், வேற்றுமை ஏற்ற வடிவம் ஷேடோ ஆகவும் நின்றுவிட்டன. ஒன்றுக்கு இரண்டாகச் சொல் கிடைத்ததும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நாம் பங்கு போடவில்லை, அவ்வளவுதான்.

நாம் கடிகாரம் என்று ஒரே சொல்லால் சொல்வதற்கும் ஆங்கிலத்தில் இரண்டு சொல் உண்டு. அந்த க்ளாக், வாட்ச் கதை வேறு. கையில் கட்டுவதும் பையில் வைப்பதும் வாட்ச். சுவரிலும் கோபுரத்திலும் இருப்பது க்ளாக். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் க்ளாக் என்ற சொல்லுக்கு மூலம், இடைக்கால லத்தீனில் மணியைக் குறித்த சொல். ஆமாம், நாக்கு தொங்கும் வெண்கல மணிதான்! இங்கிலாந்தின் சாலிஸ்பரி பேராலயத்தில், 1386 வாக்கில் செய்ததாகச் சொல்லப்படும் ஒரு க்ளாக் இருக்கிறது. அதற்கு முகமும் இல்லை, முள்ளும் இல்லை. மணிக்கொரு தரம் மணியடிப்பதுதான் வேலை. இந்தக் கடைசி வாக்கியத்தில் 'மணி' இரண்டு முறை வந்ததைக் கவனித்திருப்பீர்கள். நாமும் அதே வழியில்தான் வந்திருக்கிறோம்.

வாட்ச் என்றால் முதலில் விழித்திருத்தல், காவல். வாட்ச்மேனில் அந்தப் பழைய பொருள் அப்படியே இருக்கிறது. எங்கள் குடியிருப்பு வாட்ச்மேன் அண்ணன் கையில் வாட்ச் கிடையாது. ராத்திரி மணி என்ன என்று கேட்டால் செல்போனைத் தேடி எடுத்துப் பார்த்துத்தான் சொல்வார், அதுவும் விழித்திருந்தால்.

நன்றி, வணக்கம்.