வெந்தது தோல், ரிப்போர்ட்டில் ஏன் கல்லீரல்?

[திரையில்: ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். எஸ்ஜிஓடி 210, சிவப்பு எழுத்தில். கீழே எஸ்ஜிபிடி 62.]

வணக்கம். இது விளக்கத்துக்காக நாங்களே எழுதிக்கொண்ட ரிப்போர்ட். மின்சாரம் தாக்கிக் கை வெந்துபோன ஒருவரின் இரண்டாம் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருப்பவர்களின் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இவர் குடிக்கவே மாட்டாரே, கல்லீரல் எப்படிக் கெட்டுப்போச்சு?"

கெட்டுப்போனதாக இந்த எண் சொல்லவில்லை. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் செல்லுக்குள் இருந்து வேலை செய்யும் நொதிகள். செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும். அந்தக் கசிவைத்தான் லேப் அளக்கிறது. இதற்கு 'லிவர் ஃபங்ஷன் டெஸ்ட்' என்று பேர் வைத்ததே தப்பு என்பேன்.

[திரையில்: கல்லீரல், தசை, இதயம், சிவப்பணு. நான்கிலிருந்தும் புள்ளிகள் ரத்தத்தில் கலக்கின்றன.]

எஸ்ஜிஓடி, அதாவது ஏஎஸ்டி, கல்லீரலில் மட்டும் இருப்பதில்லை. தசையில், இதயத்தில், சிவப்பணுவில் எல்லாம் உண்டு. ஆழமான தீக்காயத்தில் சிவப்பணுக்கள் உடையும். மின்சாரம் பாய்ந்திருந்தால், மேலே சின்னக் காயமாகத் தெரிந்தாலும் உள்ளே தசை வெந்திருக்கும். அதனால் எஸ்ஜிஓடி எகிறி, கல்லீரலுக்கே நெருக்கமான எஸ்ஜிபிடி அவ்வளவாக ஏறாமல் இருந்தால், மருத்துவரின் கண் சிகே என்ற தசை நொதியின் பக்கம் போகும். அது ஆயிரக்கணக்கில் இருந்தால், கசிவின் பெரும்பங்கு தசையிலிருந்துதான்.

சரி, கல்லீரலுக்கு ஒன்றுமே ஆகாதா? ஆகும். இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறத்தாழ கால் பங்கு கல்லீரலுக்குப் போகிறது. பெரிய தீக்காயத்தில் முதல் 24 மணி நேரம் ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கும். ரத்தத்தின் அளவு குறையக் குறைய, உடல் மூளையையும் இதயத்தையும் காப்பாற்றப் பார்க்கும். வயிற்றுப் பகுதிக்குப் போகிற ரத்தம் சுருங்கும். கல்லீரலுக்குள் ஆக்சிஜன் கடைசியாகப் போய்ச் சேரும் செல்கள்தான் முதலில் சாகும். ரத்த ஓட்டம் போதாத இந்த அதிர்ச்சி நிலை நீண்டால் இரண்டு எண்களுமே ஆயிரங்களைத் தாண்டலாம். முதல் நாள் சலைன் கணக்கில் இத்தனை கறாராக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

[திரையில்: இறங்கும் இரண்டு கோடுகள், ஒன்று செங்குத்தாக, ஒன்று சாய்வாக.]

இங்கே பலரும் குழம்பும் ஒரு இடம். ரத்தத்தில் எஸ்ஜிஓடி பாதியாகக் குறைய சுமார் 17 மணி நேரம் ஆகும். எஸ்ஜிபிடிக்குச் சுமார் 47 மணி நேரம். அதனால் நான்காம் நாள் எஸ்ஜிபிடி மேலே, எஸ்ஜிஓடி கீழே என்று மாறியிருந்தால், புதிதாக ஏதோ வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். இரண்டுமே இறங்குகின்றன, ஒன்று மெதுவாக இறங்குகிறது, அவ்வளவுதான்.

முதல் வாரம் தாண்டிய பிறகு கதை வேறு. இப்போது ஏறுவது பெரும்பாலும் ஏஎல்பி, ஜிஜிடி என்ற வேறு இரண்டு நொதிகள். பித்தம் சரியாக ஓடவில்லை என்பதன் அடையாளம் இவை. (ஏஎல்பி எலும்பிலிருந்தும் வரும், வளரும் குழந்தைகளுக்கு இயல்பாகவே அதிகம். அதனால்தான் ஜிஜிடியைத் துணைக்கு வைத்துப் பார்க்கிறார்கள்.) கிருமித்தொற்று இருக்கலாம். நரம்பு வழியாக ஏற்றும் உணவு அளவுக்கு மீறியிருக்கலாம். பாராசிட்டமால், சில ஆன்டிபயாடிக், பூஞ்சைக்கான மருந்து, இவையும் சந்தேகப் பட்டியலில் உண்டு. இதற்கு மேல், அட்ரினலின் கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலில் கொண்டுபோய்க் கொட்டும். பெரிய தீக்காயம் பட்ட குழந்தைகளை அல்ட்ராசவுண்டில் அளந்தபோது, இரண்டு வாரத்தில் கல்லீரல் இருக்க வேண்டிய அளவைப்போல் இரு மடங்குக்கும் மேல் வீங்கியிருந்தது தெரிந்தது.

அப்போ கல்லீரல் உண்மையில் தள்ளாடுகிறது என்று எப்படித் தெரியும்? மஞ்சள் காமாலையில் கூடும் பிலிருபின் ஏறும், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் கூடும், ரத்தச் சர்க்கரை இறங்கும். கல்லீரல் செய்யும் புரதமான ஆல்புமினை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அது காயத்தின் வழியாகவே ஒழுகிக்கொண்டிருக்கும்.

[திரையில்: அதே நோயாளியின் 12ஆம் நாள் ரிப்போர்ட்.]

இப்போது எஸ்ஜிஓடி 48. பார்த்தால் நிம்மதி. ஆனால் ஏஎல்பி 310, ஜிஜிடியும் கூடவே ஏறியிருக்கிறது, நேற்றிரவிலிருந்து காய்ச்சல். சிவப்பு எழுத்தில் இருந்த அந்த 210ஐ விட, மருத்துவரை உட்காரவைத்து மருந்துச் சீட்டை முதலிலிருந்து படிக்க வைப்பதும், ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சருக்கு ரத்தம் எடுக்கச் சொல்ல வைப்பதும் இந்த ரிப்போர்ட்தான்.