மூன்றாம் கைக்கு வரும் எக்ஸிகியூட்டிவ் காரும் எம்.ஓ.டி. சோதனையும்

நேயர்களுக்கு வணக்கம். பிரித்தானியாவில் பழைய கார் வாங்கப் புறப்படும் நம்மவர்கள் பலருக்கு ஒரு கட்டத்தில் ஒரே சபலம் தட்டுகிறது. சிறிய புதிய கார் ஒன்றுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தில் ஒரு சிறு பகுதியைக் கொடுத்தால், தோல் இருக்கைகளும் ஆறு சிலிண்டர் எஞ்சினும் கொண்ட ஒரு பி.எம்.டபிள்யூ 5 சீரீஸ், மெர்சிடிஸ் ஈ கிளாஸ் அல்லது ஆடி ஏ6 வீட்டு வாசலில் வந்து நின்றுவிடும் என்பதே அந்தச் சபலம். எக்ஸிகியூட்டிவ் கார் எனப்படும் அப்படிப்பட்ட பெரிய சொகுசுக் கார்கள், ஓட்டத் தகுதியானவையா என்று ஆண்டுதோறும் பார்க்கும் எம்.ஓ.டி. சோதனையில் எவ்வளவு நம்பகமாகத் தேறுகின்றன என்று பேசும்படி நிலையத்தார் என்னைக் கேட்டிருக்கிறார்கள். கராஜில் கார்களுக்கு அடியில் நின்று பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் எனக்குப் புலப்பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகைக் கார் சோதனையில் தேறுவதும் தவறுவதும் அது எந்தத் தொழிற்சாலையில் செய்யப்பட்டது என்பதைவிட, அந்த நேரத்தில் அதைப் பராமரிப்பது யாருடைய பணம் என்பதையே பெரிதும் பொறுத்திருக்கிறது.

அன்றைய போக்குவரத்து அமைச்சின் (Ministry of Transport) பெயரால் எம்.ஓ.டி. என்று நாம் இன்றும் அழைக்கும் இந்தச் சோதனை 1960இல், எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ் போக்குவரத்து அமைச்சராக இருந்த காலத்தில் தொடங்கப்பட்டது. அப்போது பத்து வயதைத் தாண்டிய வாகனங்களின் பிரேக், விளக்கு, ஸ்டியரிங் ஆகியவை மட்டுமே பார்க்கப்பட்டன. 1967இல் அந்த வயது மூன்றாகக் குறைக்கப்பட்டது. மறு ஆண்டில் டயரும் பட்டியலில் சேர்ந்தது. இன்று இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்றிலும் மூன்று வயது நிறைந்த கார் ஆண்டுக்கு ஒரு முறை, அரசின் அனுமதி பெற்ற தனியார் கராஜ் ஒன்றில் சோதிக்கப்பட வேண்டும். வட அயர்லாந்தில் மட்டும் முதல் சோதனை நான்காம் ஆண்டில், அரசே நடத்தும் நிலையங்களில் நடைபெறுகிறது. 2018 மே மாதத்திலிருந்து குறைபாடுகள் ஆபத்தானவை, பெரியவை, சிறியவை என மூன்றாகப் பிரிக்கப்படுகின்றன. முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் கார் தவறிவிடும். இவற்றுக்கு அப்பால், இன்றைக்குத் தேறினாலும் விரைவில் கவனிக்க வேண்டியவை என்று சோதகர் எழுதிவைக்கும் அட்வைசரிக் குறிப்புகள் உண்டு. அவற்றைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். என் கணக்கில் தேறியதா தவறியதா என்ற ஒற்றைச் சொல்லைவிட அவைதான் பெறுமதியானவை.

எக்ஸிகியூட்டிவ் கார் இந்த நாட்டில் பெரும்பாலும் தனிமனிதர் தம் சேமிப்பிலிருந்து வாங்கும் பொருளாகப் பிறப்பதில்லை. கம்பனி ஒன்று தன் விற்பனை மேலாளருக்கோ இயக்குநருக்கோ மூன்று அல்லது நான்கு ஆண்டு லீஸில் எடுத்துக் கொடுக்கும் வாகனமாகவே அது வாழ்க்கையைத் தொடங்குகிறது. 2002 ஏப்ரலில் கம்பனிக் கார்களுக்கான வரி, வெளியேறும் கரியமில வாயுவின் அளவோடு இணைக்கப்பட்டதும், இந்த வகுப்பில் டீசல் கார்கள் பெருகின. அந்தக் கார் பெரும்பாலும் மோட்டர்வேயில் ஓடுகிறது. எஞ்சின் நன்கு சூடேறி ஒரே வேகத்தில் ஓடும் நூறு மைல், லண்டனின் வேகத்தடைகளையும் சிவப்பு விளக்குகளையும் தாண்டித் தாண்டி ஓடும் இருபது மைலைவிட பிரேக்குக்கும் சஸ்பென்ஷனுக்கும் இதமானது. சர்வீஸ் செலவும் டயர்ச் செலவும் லீஸ் ஒப்பந்தத்திலேயே அடங்கிவிடுவது வழக்கமாதலால், ஓட்டுபவர் பணத்தைப் பற்றி யோசிப்பதில்லை. ஆகவே முதல் எம்.ஓ.டி.க்கு வரும்போது, எழுபதாயிரம் மைல் ஓடியிருந்தாலும் அந்தக் காரின் அடிப்பகுதி வியக்கத்தக்க அளவுக்குச் சுத்தமாக இருக்கும். அந்த வயதில் அது தவறுமானால் காரணம் பெரும்பாலும் தேய்ந்த டயராகவோ கிழிந்த வைப்பர் ரப்பராகவோ இருக்குமே தவிர, காரின் அமைப்பில் உள்ள குறையாக இருப்பது அரிது.

இரண்டாம் உரிமையாளர் வழக்கமாகக் காரை விரும்பி, அதன் செலவையும் ஓரளவு அறிந்து வாங்கியவர். அவர் கையிலும் கார் பெரிதாகத் தளர்வதில்லை. பத்து வயதைத் தாண்டி மூன்றாவது, நான்காவது கைக்குப் போகும்போதுதான் நிலைமை மாறுகிறது. நாற்பதாயிரம் பவுணுக்கு விற்ற கார் இப்போது மூன்று நான்காயிரத்துக்குக் கிடைக்கிறது. ஆனால் அதன் உதிரிப்பாகங்களின் விலை அன்றிருந்த இடத்திலிருந்து கீழிறங்கவில்லை. யானை மலிவாகக் கிடைத்துவிட்டது என்பதற்காக அதன் தீனி குறைந்துவிடுமா? மூவாயிரம் பவுண் கொடுத்து வாங்கியவருக்கு, முன்பக்க சஸ்பென்ஷனுக்கு மட்டும் எண்ணூறு பவுண் என்று சொன்னால் மனம் ஒப்பாது. ஒப்பாத மனம் அட்வைசரியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கிறது. அடுத்த ஆண்டு அதே குறிப்பு தோல்வியாக மாறி வருகிறது.

சஸ்பென்ஷனைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த வகுப்புக் கார்களின் சுகமும் துன்பமும் அங்கேதான் இருக்கின்றன. சிறிய கார் ஒன்றில் முன்சக்கரம் ஒவ்வொன்றையும் பெரும்பாலும் ஒரே ஒரு கீழ்க்கரம்தான் தாங்குகிறது. ஆடி ஏ6 போன்ற கார்களிலோ ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் பல அலுமினியக் கரங்கள், ஒவ்வொரு கரத்தின் நுனியிலும் அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையமான புஷ் அல்லது பந்து மூட்டு. கார் வழுக்கிக்கொண்டு போவதுபோல் தோன்றுவதற்கு இந்த அமைப்பே காரணம். சோதகர் தம் இரும்புக் கோலால் நெம்பிப் பார்க்கும் இடங்கள் பல மடங்காகப் பெருகுவதற்கும் இதுவே காரணம். ஒரு புஷ் கிழிந்திருந்தால் அதை மட்டும் மாற்றிவிடலாம் என்று உரிமையாளர் நினைப்பார். மேல்கரங்களைப் பிடித்திருக்கும் நீண்ட போல்ட் குளிர்கால உப்பில் துருவேறி இறுகிப்போயிருந்தால், அதைக் கழற்றுவதற்கான கூலி பாகத்தின் விலையை விஞ்சிவிடும். உடைந்த சுருள் ஸ்பிரிங் இந்த நாட்டுச் சாலைக் குழிகளின் பொதுக் கொடை. எல்லா வகுப்புக் கார்களிலும் அதைப் பார்க்கிறோம். பின்பக்கத்தில் காற்றுப் பை கொண்ட எஸ்டேட் வகைகளில் அந்தப் பையின் ரப்பர் வெடித்துக் காற்று கசியும்போது, இரவில் நிமிர்ந்து நின்ற கார் காலையில் பின்பக்கம் சரிந்து கிடக்கும்.

டயர் விஷயத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. டயரின் நடு முக்கால் பங்கு அகலத்தில், சுற்றளவு முழுவதும், குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும் என்பது சட்டம். எக்ஸிகியூட்டிவ் கார்களில் சக்கரம் மேற்புறம் சற்று உள்நோக்கிச் சாய்ந்திருப்பதாலும் டயர் அகலமாக இருப்பதாலும் உள்விளிம்பு முதலில் தேய்கிறது. நின்றுகொண்டு பார்க்கும் உரிமையாளரின் கண்ணுக்கு டயர் புதிதுபோல் தெரியும். காரை மேலே தூக்கியதும் உள்விளிம்பில் கம்பி நூல் வெளியே தெரிகிறது. அது ஆபத்தானது என்ற பிரிவில் அடங்கும் தோல்வி; சரிசெய்யாமல் ஓட்டிச் செல்லக் கூடாது. காற்றிறங்கினாலும் ஓடும் ரன் ஃப்ளாட் டயர்களின் பக்கச்சுவர் விறைப்பானது என்பதால், குழியில் விழும் அதிர்ச்சி அலாய் சக்கரத்துக்கே போய்ச் சேர்ந்து அது வெடிப்பதையும் காண்கிறோம். நான்கு டயர்களுக்கும் சேர்த்து ஆகும் செலவு, அந்தக் காருக்குக் கொடுத்த விலையில் கவனிக்கத்தக்க ஒரு பங்காகிவிடும்.

விளக்குகளும் மின்னணுக் கருவிகளும் அடுத்த வரிசை. மிகுந்த ஒளி தரும் செனான் முன்விளக்கு பொருத்தப்பட்டிருந்தால், ஒளியின் உயரத்தைத் தானே சரிசெய்யும் அமைப்பும் விளக்கைக் கழுவும் தண்ணீர்த் தாரையும் வேலை செய்ய வேண்டும். மலிவான காரில் இந்தப் பொருள்களே இல்லாததால் அவை பழுதாகவும் வழியில்லை. வசதி கூடக் கூடச் சோதனையில் தவறக்கூடிய இடங்களும் கூடுகின்றன. ஏர்பேக், ஏ.பி.எஸ்., எஞ்சின் ஆகியவற்றின் எச்சரிக்கை விளக்குகளில் ஒன்று எரிந்துகொண்டிருந்தாலும் கார் தவறக்கூடும். விளக்கின் பல்பைக் கழற்றிவிட்டால் தீர்ந்தது என்று யோசனை சொல்லும் நண்பர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிந்து அணைகிறதா என்பதைத்தான் சோதகர் முதலில் பார்க்கிறார்.

டீசல் காரை வாங்குவோர் புகை வடிகட்டியைப் பற்றி அறிந்திருப்பது அவசியம். டி.பி.எஃப். எனப்படும் இந்த வடிகட்டி கரித்தூளைச் சேர்த்துவைத்து, நீண்ட தூரம் ஓடி வெப்பம் ஏறும்போது எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்கிறது. மோட்டர்வேயில் ஓடிய மேலாளரிடம் ஒழுங்காக இருந்த வடிகட்டி, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுக் கடைக்குப் போய்த் திரும்பும் மூன்று மைல் வாழ்க்கைக்கு வந்தவுடன் அடைத்துக்கொள்கிறது. சிலர் அதை உள்ளே உடைத்து அகற்றிவிடுகிறார்கள். 2014 பெப்ரவரி முதல் வடிகட்டி இருக்க வேண்டிய காரில் அது இல்லையென்றால் தோல்வி. 2018 முதல், வடிகட்டி உள்ள கார் எந்த நிறத்திலாவது கண்ணுக்குத் தெரியும் புகையை விட்டாலும் தோல்வி. இத்துடன், 2023 ஓகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா வட்டாரங்களுக்கும், புகை மாசு கூடிய வாகனங்களிடம் நாளொன்றுக்கு 12.50 பவுண் அறவிடும் யூலெஸ் திட்டம் விரிந்தது. பொதுவாக 2015 செப்டெம்பருக்கு முன் பதிவான டீசல் கார்கள் அந்தக் கட்டணத்தில் அகப்படுகின்றன. அத்தகைய கார் லண்டனில் மிக மலிவாகக் கிடைத்தால், அந்த மலிவுக்கு இந்தக் கட்டணமே காரணமாக இருக்கலாம்; எம்.ஓ.டி. தேறியிருப்பதால் அது நீங்கிவிடாது.

இனிப் புள்ளிவிவரங்களுக்கு வருகிறேன். அண்மை ஆண்டுகளில் எல்லாக் கார்களையும் சேர்த்துப் பார்த்தால், முதல் தடவையில் ஏறத்தாழ பத்துக்கு மூன்று கார்கள் தவறுகின்றன. அரசு வெளியிடும் சோதனைத் தரவுகளிலிருந்து மாடல் வாரியாகத் தேர்ச்சி விகிதத்தைக் கணக்கிட்டுப் பட்டியலிடுவோர் உண்டு. அந்தப் பட்டியலை நான் வெறுக்கவில்லை; ஆனால் இரண்டு காரணங்களால் அதைச் சந்தேகத்தோடு வாசிக்கிறேன். ஒரே வயதுள்ள சிறிய காரும் எக்ஸிகியூட்டிவ் காரும் ஒரே தூரம் ஓடியவை அல்ல. பத்து வயதில் ஒன்று அறுபதாயிரம் மைலிலும் மற்றது நூற்றைம்பதாயிரத்திலும் நிற்கலாம். எனவே ஒரே விகிதத்தில் தேறினால்கூட, அதிகம் ஓடியதையே நான் உறுதியானது என்பேன். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. பழுதுபார்க்கும் செலவு காரின் விலையைத் தாண்டியவுடன் அது உடைப்பகத்துக்குப் போய்விடுகிறது. சோதனைக்கே வராத காரைக் கணக்கில் தோல்வி என்று யாரும் எழுதுவதில்லை. செலவு கூடிய கார்களில் இந்த வடிகட்டல் கடுமையாக நடப்பதால், பதினைந்து வயதிலும் சாலையில் இருக்கும் ஈ கிளாஸ்கள் நல்ல விகிதத்தில் தேறுவது, பிறந்த எல்லா ஈ கிளாஸ்களுக்கும் சான்றாகாது. அவை பராமரிக்கப்பட்டுத் தப்பியவை.

சோதனை பார்க்காதவற்றையும் சொல்லியாக வேண்டும். எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் நிலை எம்.ஓ.டி.யில் அடங்காது. சோதகர் எதையும் கழற்றிப் பார்ப்பதற்கும் அனுமதியில்லை. ஆகவே எஞ்சினுக்கு அடியில் அகலமான பிளாஸ்டிக் மறைப்பு இருந்தால், அதற்கு மேல் இருப்பது அவருக்கும் மறைவுதான். எக்ஸிகியூட்டிவ் காரின் பெருஞ்செலவுகளோ அங்கேயே ஒளிந்திருக்கின்றன. 2007 முதல் வந்த பி.எம்.டபிள்யூவின் என்47 டீசல் எஞ்சினில், உள்பாகங்களை ஒத்திசைத்து இயக்கும் டைமிங் செயின் எஞ்சினின் பின்புறம், கியர்பாக்ஸ் பக்கமாக வைக்கப்பட்டது. அது தேய்ந்தால் எஞ்சினையே இறக்க வேண்டிய நிலை வரும். அறுந்தால் எஞ்சின் போயிற்று. நேற்று எம்.ஓ.டி.யில் குறையின்றித் தேறிய காரில் இன்று அந்தச் செயின் அறுந்தால், சோதகர் தவறு செய்தார் என்று சொல்ல முடியாது.

ஆகையால் வாங்குவதற்கு முன் அரசின் இணையத்தளத்தில் காரின் பதிவு இலக்கத்தை இட்டு, அதன் பழைய சோதனைகளை இலவசமாகப் பாருங்கள். இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் கார்களுக்கு 2005இலிருந்து பதிவுகள் உள்ளன. ஓர் ஆண்டின் அட்வைசரி அடுத்த ஆண்டில் மறைந்திருந்தால், உரிமையாளர் செலவழித்தார் என்று பொருள். அதே புஷ், அதே பிரேக் குழாய்த் துரு மூன்று ஆண்டுகள் தொடர்ந்து எழுதப்பட்டு, நான்காம் ஆண்டில் தோல்வியாக முடிந்திருந்தால், எம்.ஓ.டி.யில் வராத எஞ்சின் எண்ணெயையும் அவர் அப்படித்தான் கவனித்திருப்பார் என்று நான் முடிவு செய்வேன். ஒவ்வொரு சோதனையிலும் குறிக்கப்பட்ட மைலேஜையும் வரிசையாகப் பாருங்கள். முதல் மூன்று ஆண்டுகளுக்கு எம்.ஓ.டி. பதிவு எதுவும் இராது என்பதையும், அதிக மைல் ஓடும் கம்பனிக் காரில் மீட்டரைக் குறைக்க நினைப்பவருக்கு அந்த இடைவெளியே வசதியானது என்பதையும் மறக்க வேண்டாம். அந்தக் காலத்துக்கான சர்வீஸ் பதிவுகளைக் கேட்டுப் பெறுங்கள்.

விற்பவர் பன்னிரண்டு மாத எம்.ஓ.டி. உண்டு என்று விளம்பரம் செய்தால், அது எங்கே செய்யப்பட்டது என்பதையும் பார்க்கலாம். காரின் பதிவுப் புத்தகமான வி5சியில் உள்ள பதினொரு இலக்க எண் இருந்தால், சோதனை நடந்த நிலையத்தை அதே இணையத்தளம் காட்டும். வாங்கிய பிறகு, தேறியிருக்கவே கூடாத கார் தேறியிருக்கிறது என்று தெரியவந்தால், வாகனத் தர முகமையான டி.வி.எஸ்.ஏ.யிடம் முறையிடலாம். துரு சம்பந்தமான முறைப்பாட்டுக்கு எம்.ஓ.டி. நடந்த நாளிலிருந்து மூன்று மாதமும், மற்றவற்றுக்கு 28 நாளும் அவகாசம் உண்டு. அதற்கு முன்பே பழுதைச் சரிசெய்துவிட்டால் அவர்கள் வந்து பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது என்பதால், முதலில் முறைப்பாட்டை அனுப்பி, அவர்கள் பார்த்து முடித்த பிறகே காரைப் பழுதுபார்க்கக் கராஜுக்குக் கொண்டுபோங்கள். நன்றி, வணக்கம்.