சந்தேகங்களுக்கு விளக்கம்: வேக எல்லையை மாற்ற மாநகர சபைக்கு அதிகாரம் இல்லையென்றால் சபை என்ன செய்யலாம்?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். நம் திருகோணமலையில், உவர்மலையிலிருந்து ஒரு அக்கா அனுப்பியிருக்கிறார். கொஞ்சம் நீளமானது, சுருக்கி வாசிக்கிறேன்.

"தம்பி, பிள்ளையைப் பாடசாலைக்குக் கூட்டிப்போகிற வழியில் பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் வருகிற வேகத்தைப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. பாடசாலைக்கு முன்னால் 30 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது என்று சட்டம் போடச் சொல்லி எங்கள் வட்டார உறுப்பினரிடம் கேட்டோம். அது சபையின் விடயமில்லை, கொழும்பில்தான் முடிவெடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். போன வீடியோவில் நியூயோர்க் மாநகரம் சட்டத்தை மாற்ற வைத்தது என்று நீங்கள் சொன்னீர்கள். அங்கே நடந்தது இங்கே ஏன் நடக்காது?"

அக்கா, உறுப்பினர் சொன்னதில் பாதி உண்மை. முதலில் அந்தப் பாதியைப் பேசிவிடுவோம்.

இலங்கையில் எந்த வாகனம் எவ்வளவு வேகத்தில் போகலாம், யார் ஓட்டலாம், மீறினால் எவ்வளவு தண்டம் என்பதெல்லாம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்துக்குள் வருகிறது. அது பாராளுமன்றம் இயற்றிய சட்டம். நகரப் பகுதியில் பொதுவாக 50 கிலோமீற்றர், ஆட்டோவுக்கு 40 என்பதெல்லாம் அதன் கீழ் வந்த எல்லைகள். மாநகர சபை ஒரு துணைவிதி போட்டு அதை மாற்ற முடியாது.

வீதியும் ஒருவர் கையில் இல்லை. அநுராதபுரத்திலிருந்து வருகிற ஏ 12, மட்டக்களப்பிலிருந்து கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி வருகிற ஏ 15 போன்றவை வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. அடுத்த தரத்தில் மாகாணத்தின் வீதிகள். மிச்சம் இருக்கிற ஒழுங்கைகளும் உள்வீதிகளும்தான் சபைக்கு. உங்கள் பிள்ளை வீட்டிலிருந்து பாடசாலைக்குப் போகிற அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் மூன்று நிர்வாகங்களின் வீதியை மிதித்துவிடலாம். போதாததற்கு மாகாண சபையும் ஆளில்லாமல் கிடந்தது. கிழக்கு மாகாண சபையின் தலைமையகம் நம் ஊரில்தான் இருக்கிறது. ஆனால் 2017இல் பதவிக்காலம் முடிந்த பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடக்கவில்லை. போய்ப் பேசுவதற்கு மக்கள் தெரிவுசெய்த ஆள் நடுவில் இல்லாமல் போனது.

இப்போது மற்றப் பாதி. அதிகாரம் இல்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆகவே எங்களுக்கு வேலை இல்லை என்று முடித்துவிடுவதை என்னால் ஏற்க முடியாது. ஏனென்றால் நியூயோர்க்குக்கும் அந்த அதிகாரம் இருக்கவில்லை!

80 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கிற நகரம் அது. அப்படியிருந்தும் தன் தெருவில் வேக எல்லையைக் குறைக்க, வேகத்தைப் படம்பிடிக்கிற கமரா வைக்க, மாநில சட்டசபையின் அனுமதி வேண்டும். அந்தச் சட்டசபை இருப்பது ஆல்பனி என்கிற ஊரில். திருமலையிலிருந்து கொழும்பு எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம். அங்கே உட்கார்ந்திருக்கிற பிரதிநிதிகளில் பலருக்கு நியூயோர்க் நகரத்துத் தெருவில் நடக்க வேண்டிய தேவையே இல்லை. நம் நிலைமையைப் போலத்தான் இருக்கிறது, இல்லையா?

2013இல் முதல்முறையாக 20 பாடசாலைப் பகுதிகளில் கமரா வைக்க மாநிலம் அனுமதித்தது. சோதனைக்காகத்தான். நகரத்தின் போக்குவரத்துத் துறை செய்த கெட்டிக்காரத்தனம் என்னவென்றால், வைத்த இடத்திலெல்லாம் முன்பு எவ்வளவு வேக மீறல் நடந்தது, பிறகு எவ்வளவு நடக்கிறது என்று அளந்து, அதை வெளியிட்டுக்கொண்டே இருந்தது. கமரா இருந்த இடங்களில் வேக மீறல் 70 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது என்று அவர்களின் அறிக்கை சொன்னது. அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் ஆல்பனிக்குப் போனார்கள். 2014இல் 20 என்பது 140 ஆனது. அதே ஆண்டு நகரத்தின் பொதுவான வேக எல்லையை மணிக்கு 30 மைலிலிருந்து 25 மைலுக்கு, அதாவது நம் கணக்கில் 48இலிருந்து 40 கிலோமீற்றருக்கு, இறக்கவும் மாநிலம் இடம் கொடுத்தது.

எல்லாம் நேராகப் போகவில்லை. 2018இல் அனுமதியின் காலம் முடிந்தது. மாநில சட்டசபையின் மேலவையான செனட் அதைப் புதுப்பிக்காமலே கூட்டத்தொடரை முடித்துவிட்டது. கமராக்கள் நின்றுபோயின. பாடசாலை தொடங்குகிற நேரம் நெருங்கிய பிறகுதான் ஆளுநரின் அவசர உத்தரவும் நகர சபையின் ஒரு சட்டமும் சேர்ந்து அவற்றை மறுபடி இயக்கின. 2019இல் 750 பகுதிகள். 2022இலிருந்து 24 மணி நேரமும். 20இல் தொடங்கி இங்கே வந்து சேர ஒன்பது ஆண்டு எடுத்திருக்கிறது.

இதற்கு நடுவே இன்னொரு கதை. 2013 ஒக்டோபரில் புரூக்ளினில் 12 வயதுச் சிறுவன் ஒருவன், தன் வீட்டுக்கு முன்னால், பந்தை எடுக்க வீதியில் இறங்கியபோது வாகனம் மோதி இறந்தான். அவன் பெயர் சாமி. அவனுடைய தாயும் அவரைப் போலப் பிள்ளைகளை, உறவுகளைப் பறிகொடுத்தவர்களும் சேர்ந்து ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். நகர நிர்வாகம் புள்ளிவிபரத்தோடு போன அதே சட்டசபைக்கு இவர்கள் இறந்தவர்களின் படத்தைக் கையில் ஏந்திக்கொண்டு போனார்கள். 2023இல் ஆல்பனியில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2024இல் 'சாமி சட்டம்' நிறைவேறியது. இப்போது நியூயோர்க் நகரம் தன் தெருக்களில் வேகத்தை 20 மைலுக்கு, கிட்டத்தட்ட 32 கிலோமீற்றருக்கு, தானே குறைக்கலாம். நீங்கள் கேட்ட 30உம் இந்த 32உம் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள் அக்கா. நீங்கள் கேட்டது ஒரு பெரிய ஆசையே இல்லை.

50க்கும் 30க்கும் அப்படி என்ன வித்தியாசம் என்று சிலர் கேட்பார்கள். 50இல் போகிற வாகனம் ஒரு செக்கனில் 14 மீற்றர் ஓடிவிடும். 30இல் போனால் 8 மீற்றர். பிள்ளையைக் கண்டு, மூளை உணர்ந்து, கால் பிறேக்கை மிதிக்கவே ஒரு செக்கன் போய்விடும். அதற்குப் பிறகு வண்டி நிற்க வேண்டும். மோதினால் 50இல் வருகிற வாகனத்தின் இயக்க சக்தி, 30இல் வருவதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நம் சாரதிகளுக்கு மெதுவாக ஓட்டத் தெரியாது என்று நான் நம்பவில்லை. கோட்டைப் பக்கம், கடற்கரைப் பக்கம் மான்கள் வீதியில் இறங்கினால் பஸ்காரர்கூடப் பொறுமையாக நின்றுதான் போகிறார். அதைத் தினமும் பார்க்கிறோம்.

சரி, நம் சபை என்ன செய்யலாம்? எனக்கு நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடர்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மஞ்சள் கடவைக்காக நாங்கள் நானூறு பேரிடம் கையெழுத்து வாங்கி ஓர் அலுவலகத்தில் கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து ஒரு வரிப் பதில் வந்தது: 'தங்கள் கோரிக்கை கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது.' அவ்வளவுதான். அன்றைக்கு எனக்குக் கோபம். இப்போது யோசித்தால் எங்கள் கடிதத்தில் கையெழுத்தைத் தவிர ஒன்றுமே இருக்கவில்லை. எத்தனை வாகனம், எந்த நேரம், என்ன வேகம், எத்தனை விபத்து, எந்த ஒழுங்குவிதியை எப்படித் திருத்த வேண்டும்? ஒன்றும் எழுதவில்லை. சபைகள் நிறைவேற்றுகிற பல தீர்மானங்களும் இப்படித்தான் இருக்கின்றன. 'நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறது' என்று முடிந்துவிடும். யார் எடுக்க வேண்டும், எந்த நடவடிக்கை என்பது அதில் இருக்காது.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. வீதியோரத்தில் சோக்கால் 50 மீற்றர் அளந்து இரண்டு கோடு போடுங்கள். கைத்தொலைபேசியில் நேரம் பார்க்க ஒருவர், எழுத ஒருவர். அந்த 50 மீற்றரை 6 செக்கனில் கடந்தால் 30 கிலோமீற்றர் வேகம், 3.6 செக்கன் என்றால் 50. அதற்கும் குறைந்தால் இப்போதிருக்கிற சட்டத்தையே மீறுகிறார். காலை ஏழு மணி முதல் ஏழரை வரை ஐந்து நாள் எடுத்தால் ஒரு நல்ல பட்டியல் வரும். விபத்துக் கணக்குப் பொலிஸிடம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் கொடுத்தால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லியாக வேண்டும். அதை நீங்களும் கேட்கலாம், நானும் கேட்கலாம்.

பிறகுதான் பிரேரணை. அதில் கேட்க வேண்டியதைச் சட்ட மொழியிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்: பாடசாலை வாயிலிலிருந்து இத்தனை மீற்றருக்குள், இந்த நேரத்தில், 30 கிலோமீற்றர். முழுச் சட்டத்தையும் பாராளுமன்றத்தில் திருத்த வேண்டுமா என்று பயப்பட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் பல விடயங்களை அமைச்சர் வர்த்தமானியில் ஒழுங்குவிதியாக வெளியிடலாம். ஆகவே போக்குவரத்து அமைச்சருக்கு ஒரு பிரதி, வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபைக்கு ஒரு பிரதி, நம் மாவட்டத்தில் தெரிவான நான்கு பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் ஆளுக்கொரு பிரதி. தமிழிலும் சிங்களத்திலும் சேர்த்தே அனுப்புங்கள்; மொழிபெயர்ப்புக்கு என்று ஒரு மேசையில் மாதக்கணக்கில் கிடந்த கடிதங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நால்வரில் ஒருவர் மூலமாகப் பாராளுமன்றத்துக்கு மனுவும் கொடுக்கலாம். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் இதைப் பேச வைப்பது இன்னும் முக்கியம். வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறியியலாளர், பொலிஸ் அதிகாரி, பாராளுமன்ற உறுப்பினர் எல்லோரும் ஒரே அறையில் இருக்கிற அபூர்வமான இடம் அதுதான்.

நம் மாவட்டத்தில் மாநகர சபை, கிண்ணியா நகர சபை, பிரதேச சபைகள் எல்லாம் சேர்த்தால் 13 சபைகள். மூதூரிலும் கந்தளாயிலும் குச்சவெளியிலும் பிள்ளைகள் வீதியைக் கடக்கத்தான் செய்கிறார்கள். 13 சபைகளும் ஒரே வாசகத்தை, ஒரே மாதத்தில் நிறைவேற்றி அனுப்பினால், தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் சேர்ந்து கேட்கிற கோரிக்கையாக அது போகும். அதை ஒரு வரிப் பதிலில் மூடிவைப்பது கடினம்.

பஸ் உரிமையாளர்களையும் ஆட்டோச் சங்கத்தையும் முதலிலேயே கூப்பிட்டுப் பேச வேண்டும். 2016 கடைசியில் சில குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டம் 25,000 ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்தபோது தனியார் பஸ்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியது நினைவிருக்கும். சட்டம் வந்தாலும் வேலை முடியாது. சாரதிக்குக் குற்றப்புள்ளி போடுகிற முறை 2009 திருத்தச் சட்டத்திலேயே வந்துவிட்டது. நடைமுறைக்கு வராமலே ஆண்டுகள் ஓடின. ஆகவே எந்தத் திகதியிலிருந்து, யார் நடைமுறைப்படுத்துவது என்பதையும் பிரேரணையில் கேட்க வேண்டும்.

கொழும்பிலிருந்து பதில் வரும்வரை சபை தன் கையில் இருப்பதைச் செய்யலாம். சபையின் சொந்த வீதியில் வேகத்தடை, தெருவிளக்கு, நடைபாதையை அடைத்திருக்கிற கடைச் சாமான்களை எடுப்பது, கட்டாக்காலி மாடுகளைப் பிடிப்பது. இரவில் நிலாவெளி வீதியில் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களைக் கேளுங்கள், மாட்டைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள்.

உறுப்பினர்களிடம் ஒன்று கேட்கிறேன். 2025 செப்டெம்பரில் எல்ல பகுதியில் பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அந்தப் பஸ்ஸில் சுற்றுலா போனவர்களில் பலர் தங்காலை நகர சபையின் ஊழியர்கள். உங்களைப் போல ஒரு சபையில் வேலை செய்தவர்கள். இது சபையின் விடயமில்லை என்று அவர்களுடைய வீட்டில் போய்ச் சொல்ல முடியுமா?

அக்கா, எந்தக் கடவை, எந்த நேரம் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள். வருகிற திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்குச் சோக்கும் அளவு நாடாவும் கொண்டு வருகிறேன். உங்கள் தெருவில் இன்னும் இரண்டு பெற்றோரைக் கூட்டி வாருங்கள். நேரம் பார்க்க ஒருவர், எழுத ஒருவர் வேண்டும். முடிந்தால் அந்த உறுப்பினரையும் வரச் சொல்லுங்கள்.