4:15 கணக்கும், காணாமல் போன 2 வினாடியும்

வணக்கம் மக்களே. இன்றைக்கு இன்ட்ரோ, மியூசிக் எதுவும் கிடையாது, நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். 2025 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸில் மோன் வான்டூ மலை ஸ்டேஜ், அதாவது இன்றைய நாளின் ஓட்டம், முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. போகாச்சாரும் விங்கெகார்டும் அந்த மொட்டை மலையில் ஒருவரை ஒருவர் விடாமல் ஏறியதைப் பார்த்துவிட்டுப் போனைத் திறந்தால், போன வீடியோவுக்குக் கீழே வரிசையாக ஒரே கமென்ட். மொத்த நேரத்தில் போகாச்சார் முன்னால், விங்கெகார்டோடு நாலு நிமிஷத்துக்கு மேல் வித்தியாசம், ரேஸ் முடிந்துவிட்டது, இனிமேல் பார்க்க என்ன இருக்கிறது? எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. அதனால்தான் உடனே கேமராவைப் போட்டேன்.

நோட்டு இதோ இருக்கிறது. பழைய ஆட்களுக்கு இந்த நோட்டைத் தெரியும், 2022 கிரானோன் மலை ஸ்டேஜ் வீடியோவிலேயே காட்டியிருக்கிறேன். இடது பக்கம் ஸ்டேஜ் எண், நடுவில் இரண்டு பேரும் கோட்டைத் தொட்டதில் இருந்த இடைவெளி, வலது ஓரத்தில் சிவப்புப் பேனாவில் போனஸ் வினாடி. புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: சாதாரண ஸ்டேஜில் முதலில் வருபவருக்கு 10 வினாடி, இரண்டாவதுக்கு 6, மூன்றாவதுக்கு 4, அவரவர் மொத்த நேரத்திலிருந்து கழித்துவிடுவார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடிகாரத்தோடு ஓடுகிற டைம் ட்ரையலில் இது கிடையாது.

சரி, இந்த நோட்டு எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கூட்டிப் பார்த்தால் விங்கெகார்ட் 4:11, அதாவது 4 நிமிடம் 11 வினாடி பின்னால் என்று வருகிறது. அதிகாரப்பூர்வப் பட்டியலில் 4:13. இரண்டு வினாடி எங்கே போனது? நேற்று ஓய்வு நாள், ரேஸ் இல்லை, முழு நாளும் இதே வேலைதான். முதலில் ஓட்டாகாம் மலை ஸ்டேஜ் மேல் சந்தேகம் வந்தது: 2 நிமிடம் 10 வினாடி, அதோடு முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் போனஸ் வித்தியாசம் 4, சரியாகத்தான் இருந்தது. சூப்பர்பான்யேரில் மலை மேல் 4 வினாடி, போனஸில் 2, அதுவும் சரி. மூர் த பிரத்தாஞ்ஞில் போகாச்சார் முதல், விங்கெகார்ட் இரண்டாவது, 4 வினாடி, சரி. ரூவானில் போகாச்சார் முதல், விங்கெகார்ட் மூன்றாவது, 6 வினாடி, அதுவும் இருக்கிறது. அந்த ரூவான் வெற்றிதான் போகாச்சாரின் தொழில்முறை வாழ்க்கையில் 100-ஆவது, அன்றைக்குப் பேசியிருக்கிறேன். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே பின்னால் போய், கடைசியில் இரண்டாவது ஸ்டேஜில் வந்து மாட்டியது. பூலோஞ் சுர் மேர். வான் டர் போல் ஜெயித்தார், போகாச்சார் இரண்டாவது, விங்கெகார்ட் மூன்றாவது, மூன்று பேருக்கும் ஒரே நேரம். ஒரே நேரம் என்பதால் அந்த வரியில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கம் போயிருக்கிறேன், சிவப்புப் பேனாவை எடுக்கவே இல்லை. ஆறில் நாலு போக இரண்டு! அந்த இரண்டு வினாடி கிடைத்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பாருங்கள், அந்தக் கட்டத்தை வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன் என்றால், கணக்கு நேரானதும்தான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. இன்றோடு வித்தியாசம் 4:15. இதில் 3:55 வெறும் மூன்று நாளில் போனது. கான் டைம் ட்ரையலில் 1:05. ஓட்டாகாமில் போனஸோடு சேர்த்து 2:14. பெய்ராகூட் மலை டைம் ட்ரையலில் 36 வினாடி. அவ்வளவுதான். மீதி 13 ஸ்டேஜையும் சேர்த்தால் 20 வினாடி. அந்த இருபதிலும் 14 போனஸ். ஆக, அந்த 13 நாளில் ரோட்டில் சைக்கிள் மிதித்து ஒருவரை விட்டு ஒருவர் உண்மையாகவே விலகியது வெறும் ஆறே வினாடி! சூப்பர்பான்யேரில் 4, இன்றைக்கு 2. பதின்மூன்று நாள் பிரான்ஸ் முழுக்க ஓடி, காற்று, மழை, மேடு, விழுந்து எழுந்தது எல்லாம் போக ஆறு வினாடி. இதைப் போய் முடிந்துபோன ரேஸ் என்கிறார்கள்.

அந்த மூன்று நாளில் இரண்டு டைம் ட்ரையல் என்பதையும் கவனியுங்கள். எனக்கு டைம் ட்ரையல் அறவே பிடிக்காது, உங்களுக்கே தெரியும். ஆள் தனி, எதிராளி கண்ணில் படுவதில்லை, திரையில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. கானில் 33 கிலோமீட்டர் சமதளம், எவனபோல் ஜெயித்தார், போகாச்சார் 16 வினாடிதான் பின்னால், விங்கெகார்டுக்கு அன்றைக்குக் கால் ஓடவே இல்லை. 2023-இல் கோம்ப்ளூவில் விங்கெகார்ட் போகாச்சாரை 1:38 பின்னுக்குத் தள்ளினாரே, அந்த ஒரு டைம் ட்ரையலை மட்டும் நான் நாலைந்து முறை திரும்பப் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னால் 15 ஸ்டேஜ் ஓடியும் இரண்டு பேருக்கும் நடுவில் 10 வினாடிதான் இருந்தது.

ஓட்டாகாம் வேறு விஷயம். அங்கே சாக்கு கிடையாது. போகாச்சாரின் அணித் தோழர் நார்வாயஸ் மலையடியில் இழுத்துவிட்ட இழுப்பில் போகாச்சார் கிளம்பினார், மேலே போக இன்னும் 12 கிலோமீட்டர் இருந்தது. விங்கெகார்டால் பின்சக்கரத்தைப் பிடிக்க முடியவில்லை. அதுவும் எந்த மலை! 2022-இல் விங்கெகார்ட் போகாச்சாரை வீழ்த்தி, மொத்த நேரத்தில் முதலில் இருப்பவர் போடும் மஞ்சள் ஜெர்சியை உறுதி செய்த அதே மலை. இந்த வருஷ ஓட்டாகாமுக்கு முந்தின நாள் துலூஸில் போகாச்சார் கீழே விழுந்தபோது, விங்கெகார்டோடு போன முன் கூட்டம் வேகத்தைக் குறைத்து அவருக்காகக் காத்திருந்தது. நான் விங்கெகார்ட் பக்கம்தான், மறைக்க ஒன்றுமில்லை, ஆனாலும் காத்திருந்தது சரி என்றே சொல்வேன். 2022-இல் ஸ்பான்டெல் இறக்கத்தில் போகாச்சார் சரளைக் கல்லில் சறுக்கி விழுந்தார், விங்கெகார்ட் வேகத்தைக் குறைத்துத் திரும்பித் திரும்பிப் பார்த்தார், வந்து சேர்ந்ததும் போகாச்சார் கையை நீட்டினார், இரண்டு பேரும் ஓடுகிற சைக்கிளிலேயே கை கொடுத்துக்கொண்டார்கள். இந்த இரண்டு பேரையும் எனக்குப் பிடிக்க அந்தக் கை ஒன்று போதும்.

இப்போது இன்றைக்கு வருகிறேன். வான்டூ ஏற்றம் 15.7 கிலோமீட்டர், சராசரி 8.8 சதவீதம். கீழே பாதிக்கு மேல் காடு, ஷலே ரெய்னார் தாண்டியதும் மரமே கிடையாது, வெள்ளைக் கல்லும் காற்றும்தான். காட்டுக்குள்ளேயே விங்கெகார்ட் கிளம்பிவிட்டார். உட்கார்ந்திருந்தவர் எழுந்து, ஹேண்டிலின் மேல்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, தோள் அசையாமல் மிதித்தார். போகாச்சார் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டார். மறுபடி கிளம்பினார். மறுபடி ஒட்டிக்கொண்டார். விங்கெகார்டின் அணி முன்னாலேயே ஆட்களை அனுப்பி வைத்திருந்தது. முன் கூட்டத்தில் போன காம்பனார்ட்ஸ் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து, விங்கெகார்ட் வந்ததும் உயிரைக் கொடுத்து இழுத்தார். போட்ட திட்டம் அப்படியே நடந்தது. நடக்காத ஒரே விஷயம், போகாச்சார் கழன்றுபோகவில்லை.

மூன்றாவதோ நாலாவதோ முறை கிளம்புகிறார், என் ஸ்ட்ரீம் நின்றுவிட்டது. திரையில் வட்டம் சுற்றுகிறது. விங்கெகார்டின் பின்சக்கரம் பாதி, போகாச்சாரின் மஞ்சள் கை ஒன்று, அப்படியே உறைந்து நிற்கிறது. நாற்பது வினாடி இருக்கும், எனக்கு நாற்பது நிமிடம் மாதிரி. மாதம் மாதம் தவறாமல் காசு வாங்கிக்கொள்கிறார்கள், சமதளத்தில் நாலு மணி நேரம் ஒன்றுமே நடக்காதபோது ஒரு முறைகூட நிற்காத ஸ்ட்ரீம் சரியாக இந்த இடத்தில் நிற்கிறது. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வரட்டும். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, நிம்மதியா ஏமாற்றமா என்று தெரியவில்லை.

முன்னால் பிரான்ஸின் பாரே பான்ட்ரும் பென் ஹீலியும் கோட்டுக்கருகில் வேகப் போட்டி போட்டு, பாரே பான்ட்ர் ஜெயித்தார். இந்த வருஷ டூரில் பிரான்ஸுக்கு இதுதான் முதல் ஸ்டேஜ் வெற்றி. போனஸை முன்னால் போனவர்களே எடுத்துக்கொண்டதால் நம் இரண்டு பேருக்கும் சிவப்புப் பேனாவுக்கு வேலையில்லை. ஆனாலும் கடைசியில் போகாச்சார் எழுந்து ஓடினார் பாருங்கள்! ஜெயிக்கவும் முடியாது, போனஸும் இல்லை, 4:13 கையில் இருக்கிறது, அப்போதும் இரண்டு வினாடியை விட மனசு வரவில்லை அவருக்கு. ரேஸ் முடிந்துவிட்டது என்று நினைக்கிறவர் அப்படி ஓடுவாரா? விங்கெகார்டைப் பார்த்துப் பயப்படுகிற ஒரே ஆள் இந்த உலகத்தில் மஞ்சள் ஜெர்சி போட்டிருக்கிற போகாச்சார்தான், அந்த ஓட்டத்தில் எனக்கு அதுதான் தெரிந்தது.

ஆ, ஒன்றை விட்டுவிட்டேன். கோட்டைத் தாண்டிய பிறகு விங்கெகார்ட் ஒரு போட்டோகிராஃபர் மேல் மோதி விழுந்தார். பெரிய அடி இல்லை என்று நினைக்கிறேன். ஆனால் இரண்டரை வாரம் எத்தனையோ இறக்கங்களைப் பிழைத்து வந்த மனிதரைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் விழ வைப்பது எனக்குத் தாங்கவே இல்லை. அந்த இடத்தில் வீரர்கள் வந்து நிற்கும் வரை யாரும் குறுக்கே போகக்கூடாது என்று கறாராக வைத்தால் என்ன?

இன்னொன்றையும் இப்போதுதான் நினைத்தேன், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கதை தொடங்கியதே இந்த மலையில்தான். 2021, ஒரே ஸ்டேஜில் வான்டூவை இரண்டு தடவை ஏறினார்கள். விங்கெகார்ட் அணியின் தலைவர் ரோக்லிச் விழுந்து காயப்பட்டு விலகியிருந்தார், விங்கெகார்டுக்கு அதுதான் முதல் டூர். இரண்டாவது ஏற்றத்தில், உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், அதுவரை யாராலும் அசைக்க முடியாத போகாச்சாரை அவர் விட்டுவிட்டுப் போனார். இறக்கத்தில் பிடித்துவிட்டார்கள், கோடு இருந்த மாலோசேனில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வந்தார்கள், அந்த வருஷம் போகாச்சாரே 5:20 வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆனால் அந்தச் சில நிமிடத்தில்தான் எனக்கு இந்த நோட்டு வாங்கத் தோன்றியது. அன்றிலிருந்து 2024 வரை நாலு டூரிலும் முதல் இரண்டு இடம் இவர்கள் இரண்டு பேருக்குத்தான், ஆளுக்கு இரண்டு வெற்றி. 2024-இல் பாஸ்க் ரேஸில் விழுந்து நுரையீரல் பாதிக்கப்பட்டு மருத்துவமனையில் கிடந்த விங்கெகார்ட், மூன்று மாதத்தில் வந்து டூரின் லியோரான் ஸ்டேஜில் போகாச்சாரை நேருக்கு நேர் ஸ்பிரின்ட்டில் தோற்கடித்தாரே, அவரையா முடிந்துபோனவர் என்கிறீர்கள்?

நாளைக்கு வாலான்ஸ், கடைசி மீட்டர்களில் பாய்ந்து ஜெயிக்கிற ஸ்பிரின்டர்களுக்கான நாள், வீடியோ கிடையாது. வியாழக்கிழமை மூன்று மலை: கிளாந்தோன், மாத்லென், கடைசியில் கோல் த லா லோஸ், 2304 மீட்டர். 2023-இல் போகாச்சார் ரேடியோவில் தன்னால் முடியவில்லை என்று சொன்ன அதே லோஸ், அன்றைக்கு அவர் விங்கெகார்டிடம் 5:45 இழந்தார். இந்த முறை கூர்ஷெவல் பக்கமிருந்து ஏறுகிறார்கள், வேறு ரோடு. நோட்டில் 18 என்று எழுதி வைத்துவிட்டேன், சிவப்புப் பேனாவும் பக்கத்திலேயே இருக்கிறது. வியாழன் ராத்திரி கூட்டிக் காட்டுகிறேன்.