நீதிபதியின் வீட்டுக் கணக்கை வெளிநாட்டுக்காரர்கள் பார்த்தார்கள்: அல்பேனியாவில் நடந்தது என்ன?

[திரை: டிரானா நகரம், ஸ்கேந்தர்பெக் சதுக்கம்]

வணக்கம்.

2011 ஜனவரி. அல்பேனியத் தொலைக்காட்சியில் ரகசியமாக எடுக்கப்பட்ட ஒரு வீடியோ ஓடுகிறது. துணைப் பிரதமர் இலிர் மெட்டா சக அமைச்சர் ஒருவரிடம் ஒரு ஒப்பந்த விவகாரம் பேசுகிறார். லஞ்சப் பேச்சுதான் அது என்று எதிர்க்கட்சி கொதித்தது. மெட்டா மறுத்தார், ஆனால் பதவி விலகினார். தலைநகர் டிரானாவில் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் உயர் நீதிமன்றம் மெட்டாவை விடுவித்தது. 2017-ல் அவர் நாட்டின் ஜனாதிபதியே ஆகிவிட்டார்.

2024 அக்டோபரில் அதே மெட்டாவை வேறு ஊழல் வழக்கில் நடுத்தெருவில் காரை மறித்துக் கைது செய்தார்கள். குற்றச்சாட்டுகளை அவர் இப்போதும் மறுக்கிறார். வழக்கின் முடிவு என்னவாக இருந்தாலும், முன்னாள் ஜனாதிபதி மேல் கை வைக்கிற ஒரு அரசு வழக்கறிஞர் அலுவலகம் 2011-ல் அந்த நாட்டில் கிடையாது. அது எப்படி வந்தது என்பதுதான் இந்த வீடியோ. அதில் பாதிக் கதை டிரானாவில் நடந்தது, மீதி ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் பிரஸ்ஸல்ஸில்.

[திரை: வரைபடம். இத்தாலிக்கு எதிர்க்கரையில் அல்பேனியா]

அல்பேனியா கோவை மாவட்டத்தை விடக் குறைவான மக்கள்தொகை உள்ள நாடு. 2023 கணக்கெடுப்பில் சுமார் 24 லட்சம் பேர். என்வர் ஹோஜாவின் கம்யூனிஸ்ட் ஆட்சியில் நீதி அமைச்சகமே மூடப்பட்டது. 1967-ல் வக்கீல் தொழிலையும் ஒழித்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்காகப் பேச ஆளே இல்லாத கோர்ட்டுகள். 1990-களில் ஜனநாயகம் வந்தது. 1997-ல் மோசடி நிதி நிறுவனங்கள் கவிழ்ந்து, மக்களின் சேமிப்பு போய், ஆயுதக் கிடங்குகள் சூறையாடப்பட்டு, அரசே சில மாதம் காணாமல் போனது. இப்படிப்பட்ட மண்ணில் நேர்மையான நீதித்துறை தானாக முளைக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தீர்ப்பை விலைக்கு வாங்கலாம் என்பது ஊரறிந்த விஷயம்.

2009-ல் அல்பேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விண்ணப்பித்தது. 2014 ஜூனில் வேட்பாளர் நாடு என்ற தகுதி கிடைத்தது. இதற்கு அப்புறம்தான் உண்மையான பேரம் ஆரம்பிக்கிறது.

ஒன்றியத்தில் சேரும் பேச்சு வார்த்தை 35 அத்தியாயங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். மீன்பிடி ஒன்று, வரி ஒன்று, சுற்றுச்சூழல் ஒன்று, இப்படி. அதில் 23-ஆம் அத்தியாயத்தின் பெயர் 'நீதித்துறையும் அடிப்படை உரிமைகளும்'. முன்பு இதையும் மற்றவற்றோடு சேர்த்து நடுவில் எங்கோ பேசி முடித்துவிடுவார்கள். ருமேனியாவும் பல்கேரியாவும் 2007-ல் உள்ளே வந்த பிறகும் ஊழல் வழக்குகள் நகராததைப் பார்த்து ஒன்றியம் உஷாரானது. மாண்டினீக்ரோவுடன் 2012-ல் பேச்சைத் தொடங்கியபோது விதியை மாற்றினார்கள்: 23-ஐ முதலில் திறக்க வேண்டும், கடைசியில்தான் மூட வேண்டும்.

அல்பேனியாவுக்கு இன்னும் கறார். பேச்சைத் தொடங்கவே 5 முன்னுரிமைகளை முடித்துக் காட்டச் சொன்னார்கள். அரசு நிர்வாகம், நீதித்துறை, ஊழல், திட்டமிட்ட குற்றக் கும்பல்கள், மனித உரிமை. மனித உரிமை என்றதும் போலீஸ் அடி மட்டும் நினைவுக்கு வரும். இங்கே இன்னொன்றும் இருந்தது: கம்யூனிஸ்ட் காலத்தில் பிடுங்கிய நிலம். திருப்பித் தரவும் இல்லை, நஷ்டஈடும் இல்லை என்று ஆயிரக்கணக்கானோர் அலைந்தார்கள். 2012-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதற்காகவே அல்பேனியாவுக்கு எதிராக ஒரு முன்மாதிரித் தீர்ப்பு கொடுத்தது. தீர்ப்பு வாங்கியும் அமலாகவில்லை என்றால் அதுவும் உரிமை மீறல்தான்.

[திரை: அல்பேனிய நாடாளுமன்றம், இரவு]

2016 ஜூலை. பிரதமர் எடி ராமா ஒரு பக்கம், எதிர்க்கட்சித் தலைவர் லுல்சிம் பாஷா மறு பக்கம். அரசியல் சட்டத்தைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், ராமாவிடம் அது இல்லை. அரசியல் சட்ட விஷயங்களில் ஆலோசனை சொல்லும் ஐரோப்பிய நிபுணர் குழுவான வெனிஸ் கமிஷன் வரைவை ஏற்கெனவே அலசி ஆலோசனை சொல்லியிருந்தது. ஒன்றியத்தின் சட்ட நிபுணர்கள் டிரானாவிலேயே உட்கார்ந்து வரைவு எழுத உதவினார்கள். அமெரிக்கத் தூதர் இரு தலைவர்களிடமும் விடாமல் நெருக்கினார். அந்தத் தூதர் யார் தெரியுமா? டொனால்டு லூ. ஆமாம், 2022-ல் தன் ஆட்சி கவிழ்ந்ததற்கு இம்ரான் கான் குற்றம் சாட்டிய அதே லூ.

ஜூலை 21 இரவு தொடங்கிய கூட்டம் நள்ளிரவைத் தாண்டியது. 140 உறுப்பினர்கள், 140 ஓட்டும் ஆதரவு. வருடக்கணக்கில் ஒருவரையொருவர் திருடன் என்று திட்டிக்கொண்டவர்கள் ஒரே நேரத்தில் கை தூக்கினார்கள். மனசு மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். எதிர்த்து ஓட்டுப் போட்டவர் ஐரோப்பாவுக்கான கதவை மூடியவர் என்று பெயர் வாங்குவார், அடுத்த தேர்தலில் அது போதும்.

சரி, அப்படி எதற்கு ஓட்டுப் போட்டார்கள்? 'வெட்டிங்' என்ற தணிக்கைக்கு.

நாட்டில் பதவியில் இருந்த ஒவ்வொரு நீதிபதியும், ஒவ்வொரு அரசு வழக்கறிஞரும், சுமார் 800 பேர், மறுபடி தகுதியை நிரூபிக்க வேண்டும். மூன்று சோதனை: சொத்து, குற்றக் கும்பல்களோடு தொடர்பு, தொழில் திறமை. இதில் ஆளைச் சாய்த்தது பெரும்பாலும் முதல் சோதனைதான். சொத்து நியாயமாக வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு நீதிபதியின் தலையில். மனைவி, கணவன், பிள்ளைகள் பெயரில் இருப்பதற்கும் சேர்த்துக் கணக்கு. சம்பளம் இவ்வளவு, வீடு அவ்வளவு, நடுவில் உள்ள பணம் எங்கிருந்து? மாமனார் கொடுத்தார் என்றால் மாமனாருக்கு எப்படி வந்தது?

முடிவெடுத்தது அல்பேனிய ஆணையம்தான். ஆனால் பக்கத்திலேயே ஒரு சர்வதேசக் கண்காணிப்புக் குழு இருந்தது. ஒன்றிய நாடுகளிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த மூத்த நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் ஒவ்வொரு கோப்பையும் பார்த்தார்கள். ஆணையம் யாரையாவது தப்ப விட்டால், மேல்முறையீடு செய்யும்படி பரிந்துரைக்கலாம். ஒரு சுதந்திர நாடு தன் நீதிபதிகளின் கோப்பை வெளிநாட்டுக்காரர்கள் புரட்டச் சம்மதித்தது. இதைத் தலைகுனிவு என்று சொன்னவர்கள் டிரானாவில் நிறையப் பேர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளூர் ஆணையத்தை யாரும் நம்பாத ஊரில், வெளியாள் ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது நல்ல நீதிபதிக்கும் ஒரு காவல்தான்.

பாதிக்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். சிலர் நீக்கப்பட்டார்கள், பலர் கணக்குக் கேட்கும் முன்பே ராஜினாமா செய்தார்கள். பதவி நீக்கப்பட்ட ஓர் அரசியல் சட்ட நீதிமன்ற நீதிபதி, இது தன் உரிமையை மீறுகிறது என்று ஸ்ட்ராஸ்பர்க் வரை போனார். நியாயமான கேள்வி அது. நிரூபிக்கும் பொறுப்பைத் தலைகீழாக்கி, நீதித்துறைக்குத் திரும்ப வாழ்நாள் தடையும் போட்டால் நீதிபதிக்கு மனித உரிமை இல்லையா? 2021 பிப்ரவரியில் நீதிமன்றம் சொன்னது: மீறல் இல்லை. அல்பேனியாவில் ஊழல் இருந்த நிலையில் இவ்வளவு கடுமையான முறையை நியாயப்படுத்த முடியும்.

[திரை: காலி நீதிமன்ற அறை]

இதற்குக் கொடுத்த விலையைப் பற்றி பிரஸ்ஸல்ஸில் அவ்வளவாகப் பேசமாட்டார்கள்.

நீக்கின வேகத்தில் புதியவர்கள் வரவில்லை. நீதிபதி பயிற்சிப் பள்ளியிலிருந்து ஆட்கள் வெளிவர வருடங்கள் ஆகும். 2018-லிருந்து 2020 கடைசி வரை அரசியல் சட்ட நீதிமன்றத்தில் அமர்வு நடத்தவே ஆள் போதவில்லை. உயர் நீதிமன்றத்தில் 30,000-க்கும் மேல் வழக்குகள் தேங்கின. 2019 ஜூனில் ஜனாதிபதி உள்ளாட்சித் தேர்தலை ரத்து செய்தார், அரசு அதை மதிக்காமல் ஜூன் 30 அன்று நடத்தியே விட்டது, எதிர்க்கட்சி புறக்கணித்தது. யார் செய்தது சரி என்று சொல்ல வேண்டிய நீதிமன்றம் அன்று இல்லை! அந்த ஜனாதிபதி? நம்ம இலிர் மெட்டாதான்.

பிறகு 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றங்களை ஒன்றாக்கி டிரானாவில் வைத்தார்கள். வடக்கே ஷ்கோதரில் இருப்பவரும் தெற்கே கிரோகாஸ்தரில் இருப்பவரும் அப்பீலுக்குத் தலைநகரம்தான் வர வேண்டும். வக்கீல்கள் எதிர்த்துப் போராடினார்கள்.

அல்பேனியா தன் பங்கை இவ்வளவு வலியோடு செய்தது. ஒன்றியம் என்ன செய்தது? பேச்சைத் தொடங்கும் முடிவை 2018-ல் தள்ளிப் போட்டார்கள். 2019 ஜூனில் மறுபடி தள்ளினார்கள். அக்டோபரில் பிரான்ஸ் அதிபர் மக்ரோன் தடுத்தார், அல்பேனியா விஷயத்தில் நெதர்லாந்தும் டென்மார்க்கும் சேர்ந்துகொண்டன. அப்போதைய ஐரோப்பிய ஆணையத் தலைவர் யுங்கரே இதை வரலாற்றுத் தவறு என்றார். 2020 மார்ச்சில் ஒருவழியாகச் சம்மதம். ஆனால் அல்பேனியாவை வடக்கு மாசிடோனியாவோடு ஒரே கயிற்றில் கட்டியிருந்தார்கள். மாசிடோனியாவோடு மொழி, வரலாற்றுச் சண்டை போட்ட பல்கேரியா அதைத் தடுக்க, அல்பேனியாவும் சேர்ந்து நின்றது. முதல் கூட்டம் 2022 ஜூலையில். நீதியும் உரிமைகளும் அடங்கிய முதல் தொகுதி திறந்தது 2024 அக்டோபரில். அந்த 140 ஓட்டு விழுந்து எட்டு வருடம் கழித்து.

இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். மனித உரிமைப் பேச்சு வார்த்தை எதுவும் வெறும் பேச்சால் நகர்வதில்லை. சீனாவோடு 1995-லிருந்து ஒன்றியம் மனித உரிமை உரையாடல் நடத்துகிறது, கையில் பிடி இல்லாததால் அது சந்திப்பும் அறிக்கையுமாகவே போகிறது. இலங்கை விஷயத்தில் ஆடை ஏற்றுமதி வரிச் சலுகை என்ற பிடி இருந்தது: 2010-ல் ஜிஎஸ்பி பிளஸ் என்ற அந்தச் சலுகையை நிறுத்தினார்கள், 2017-ல் திருப்பிக் கொடுத்தார்கள். அல்பேனியா விஷயத்தில் இருந்தது எல்லாவற்றையும் விடப் பெரிய பிடி, உறுப்புரிமை. ஆனால் சொன்னதைச் செய்தவனுக்குச் சொன்ன நாளில் கூலி தராவிட்டால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். 2019-ல் ஒன்றியம் தன் கையைத் தானே பலவீனப்படுத்திக்கொண்டது.

[திரை: ஸ்பாக் அலுவலகம்]

அப்படியிருந்தும் ஒன்று நிலைத்தது. 2019 டிசம்பரில் தொடங்கிய ஊழல் தடுப்புச் சிறப்பு வழக்கறிஞர் அமைப்பு, சுருக்கமாக ஸ்பாக். முன்னாள் பிரதமர் சாலி பெரிஷா மேல் வழக்கு, வீட்டுக் காவல். மெட்டா கைது. 2025 பிப்ரவரியில் டிரானா மேயர் எரியோன் வெலியாய் கைது. அவர் பிரதமர் ராமாவின் சொந்தக் கட்சி. சீர்திருத்தத்தைக் கொண்டுவந்த ராமாவே அப்போது விசாரணைக் காவலை அளவுக்கு மீறிப் பயன்படுத்துகிறார்கள் என்று குறைப்பட்டார்.

சொந்தக் கட்சிக்காரர் உள்ளே போன பிறகு வந்த கவலை என்று சிரிக்கலாம். ஆனால் விஷயம் பொய்யில்லை. தீர்ப்பு வரும் முன்பே மாதக்கணக்கில் உள்ளே இருப்பது அல்பேனியாவில் சாதாரணம், பெயர் தெரியாத ஏழைகளுக்கும் சேர்த்து. நம் சிறைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள் என்பதால் நமக்கு இது புதிதாக இருக்காது. ஊழலைப் பிடி, ஆனால் பிடிபட்டவரின் உரிமையையும் காப்பாற்று என்று 23-ஆம் அத்தியாயம் இரண்டையும் ஒன்றாகவே கேட்கிறது. முதல் பாதியில் அல்பேனியா வேகமாக ஓடியது. இரண்டாவது பாதிதான் இப்போது மேசையில் இருக்கிறது.

2027-க்குள் பேச்சை முடித்து 2030-ல் உள்ளே போவது ராமாவின் இலக்கு. பேச்சு முடிந்தாலும் 27 நாடுகளும் தனித்தனியே ஒப்புதல் தர வேண்டும். மக்ரோனின் பதவிக் காலம் 2027-ல் முடிகிறது, அடுத்து பிரான்ஸில் யார் வருவார் என்பதையும் டிரானா கவனித்துக்கொண்டிருக்கிறது.